பஞ்சமும் வாந்திபேதியும்: விருதுநகர் வட்டாரக் கிறித்தவத் தொண்டு பற்றி ஓர் ஆய்வு

இன்று பட்டாசாலும் அச்சுத் தொழிலாலும் உலகறிந்த சிவகாசியும், வணிகத்தாற் பெயர்பெற்ற விருதுநகரும் கரிசல் நிலத்தின் நடுவே எழுந்த ஊர்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றியதும் விருதுபட்டி விருதுநகரெனப் பெயர் மாறியதும் 1923-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள். அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் இவ்வட்டாரம் வானம் பார்த்த பூமியாகவே இருந்தது. கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தால் ஒன்றும் விளையாது. அக்காலத்தில் சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. அருப்புக்கோட்டைப் பகுதி இராமநாதபுரம் சமீனுக்கு உட்பட்டு மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதே இவை ஓராட்சியின்கீழ் வந்தன. இப்பழைய எல்லையை நினைவிற் கொள்ளாவிடின் இவ்வட்டாரத்துத் திருச்சபை வரலாறு விளங்காது. ஏனெனில் அவ்வெல்லையே இரு வேறு சங்கங்களின் எல்லையாகவும் இருந்தது.

1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதனை அடுத்த ஈராண்டுப் பஞ்சத்தைத் தாது ஆண்டுப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். பஞ்சத்தில் மாண்டோர் எல்லாரும் பசியால் மாண்டவர் அல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. சென்னை மாகாணத்தில் 1877-இல் மட்டும் வாந்திபேதியால் இறந்தோர் என அரசு ஏடுகளில் பதிவானவர் 3,57,430 பேர். குளம் வற்றி எஞ்சிய சேற்றுநீரையே ஊரார் அனைவரும் உண்டனர். வேலை தேடியும் கஞ்சி தேடியும் அலைந்த மக்கள் முகாம்களில் நெருங்கிக் கூடினர். நோயும் அவர்களுடன் நடந்தது. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு, நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசுமே கூலியென வகுத்த சர் ரிச்சர்டு டெம்பிளின் திட்டத்தைக் கடுமையாக மறுத்தார். உழைக்கும் உடலுக்கு அஃது போதாது என்பது அவர் வாதம். மெலிந்த உடலை நோய் எளிதிற் பற்றும் என்பதை இன்று விளக்க வேண்டுவதில்லை.

இந்நெருக்கடியின்போது சாத்தூர்ப் பக்கத்தில் ஊன்றியிருந்த சங்கம் இங்கிலாந்துத் திருச்சபைத் தொண்டர் சங்கம். 1854-இல் இராக்லாந்து, ஃபென், மெடோசு என்னும் மூவர் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று போதிக்கத் தொடங்கினர். கேம்பிரிட்சில் கணிதத்தில் உயர்நிலை பெற்ற இராக்லாந்து 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியிலேயே உயிர்நீத்தார். மூவருள் ஒருவரும் மருத்துவர் அல்லர். அவர்கள் நிறுவ விரும்பியது மருத்துவமனையும் அன்று. அவர்தம் நோக்கம் போதனை ஒன்றே. ஆயினும் அவர்கட்குப் பின் ஊர்தோறும் எஞ்சி நின்றவர் உபதேசியாரும் பள்ளி ஆசிரியரும் ஆவர். பஞ்சம் வந்தபோது பயன்பட்டது இவ்வலைப்பின்னலே.

சீமையில் இலண்டன் மாநகரத் தலைவர் திரட்டிய நிதி சென்னைக்கு வந்தது. அதனைப் பங்கிடும் குழுக்களில் அரசு அலுவலரோடு பாதிரிமாரும் உள்ளூர்ப் பெருமக்களும் இடம்பெற்றனர். மதவேறுபாடு கருதாமல் வழங்க வேண்டும் என்பதே அந்நிதியின் நெறி. எந்தச் சேரியில் எத்தனை வீடு, எவ்வீட்டில் யார் எழ முடியாமற் கிடக்கின்றார் என்பதை மாவட்டத் தலைநகரில் இருந்த அலுவலர் அறியார். ஊரில் வாழும் உபதேசியார் அறிவார். வெளிநாட்டார் பெயர்களே வரலாற்று நூல்களில் பெரிதாக அச்சாகியுள்ளன. உண்மையில் இது சிற்றூதியம் பெற்ற தமிழர் பலருடைய தொண்டென்று கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து.

1877 மார்ச்சு 11-இல், பஞ்சத்தின் நடுவே, கால்டுவெல்லும் சார்சந்தும் கல்கத்தாவில் ஒரே நாளில் பேராயராகத் திருநிலை பெற்றனர். ஒப்பிலக்கண ஆசிரியராகத் தமிழுலகம் போற்றும் கால்டுவெல் அவ்வாண்டுகளில் பஞ்ச நிவாரணத்தில் ஆழ்ந்திருந்தார். அக்காலத்தில் திருநெல்வேலியில் பல்லாயிரவர் கிறித்தவம் தழுவ முன்வந்தனர். இதனைக் கஞ்சிக்கு விற்ற மதம் என்பார் ஒரு சாரார். அருளின் பயன் என்பார் மற்றொரு சாரார். இருசாராரும் திருமுழுக்குப் பெற்றோர் தலைகளையே எண்ணினர். கொள்ளைநோயின்முன் அம்மக்கள் நின்ற நிலையை எண்ணினாரல்லர்.

இவ்வட்டாரத்தில் அம்மையும் பேதியும் வெறும் நோய்கள் அல்ல. இருக்கன்குடியிலும் விருதுநகரிலும் மாரியம்மன் வழிபாடு இன்றும் பெருவிழாவாக நிகழ்வதைக் காண்போர் இதனை உணர்வர். நோயைத் தருபவளும் அவளே, நீக்குபவளும் அவளே. கிறித்தவம் புகுந்த குடும்பம் அவ்வழிபாட்டைத் துறந்தது. ஊரில் பேதி கண்டபோது அக்குடும்பத்தின் கையில் எஞ்சியது யாது? செபம் எஞ்சியது, உபதேசியார் எஞ்சினார். நோயின் காரணத்தையும் காப்பையும் விளக்கும் அறிவு அவர்கட்குச் சேரவில்லை. இவ்விடத்திற்றான் சிவகாசித் தொண்டின் குறை தெளிவாகப் புலப்படுகின்றது. தெற்கே நெய்யூரில் இலண்டன் சங்கத்தார் 1838-லேயே மருத்துவத் தொண்டைத் தொடங்கினர். வடக்கே திண்டுக்கல்லில் அமெரிக்கரான செசுட்டர் மருத்துவமனை நடத்தி வந்தார். இடைப்பட்ட கரிசற்காட்டில் பணி போதனையாகவே நின்றது.

எல்லையின் மறுபுறம், மண்டபசாலையில், அமெரிக்க மதுரைச் சங்கத்தின் நிலையம் இருந்தது. இச்சங்கம் 1834-இல் யாழ்ப்பாணச் சங்கத்தின் கிளையாகத் தோன்றியது. தாய்ச்சங்கத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து மாணாக்கர்க்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலம். ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணியை நாடி நகரங்கட்குப் போயினர். ஊர்ப்புறம் மருத்துவரின்றியே கிடந்தது. இதனைக் கண்ட கிறீன் 1860-களின் நடுவிற் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். மாணாக்கர் ஐரோப்பிய உடை அணிவதையும் அவர் விரும்பவில்லை. தம் மக்களிடையே தம் மக்களாகவே வாழும் மருத்துவரே வேண்டும் என்பது அவர் கொள்கை. இரணவைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872-இலும், கெமிஸ்தம் 1875-இலும் வெளிவந்தன. இவற்றின் மொழிபெயர்ப்பில் தமிழ் மாணாக்கர் பெரும்பங்கு கொண்டனர். வடசொல் மிகுந்த நடையென்று இன்றைய கலைச்சொல் ஆராய்ச்சியாளர் குறை காணலாம். அஃது அக்காலத்து வழக்கு. ஏற்கெனவே வழங்கிய சொற்களை முதலில் தேடி, இல்லாதபோதே புதியன படைத்த அவர் முறை இன்றும் பின்பற்றத் தக்கது.

கிறீனின் சீர்திருத்தம் மொழிச் சீர்திருத்தம் மட்டுமன்று. மருத்துவர் எம்மொழியிற் கற்கின்றாரோ அம்மொழி அவர் வாழுமிடத்தையும் முடிவு செய்கின்றது என்பதை அவர் பட்டறிவால் கண்டார். சிவகாசியிடம் ஊரோடு வாழ்ந்த ஆட்கள் இருந்தனர், மருத்துவ அறிவு இல்லை. மானிப்பாயிடம் இரண்டும் இருந்தன. சாத்தூர் வட்டத்து உபதேசியார்க்கு அத்தகைய பயிற்சி சிறிதளவேனும் வாய்த்திருப்பின், நீரைக் காய்ச்சிக் குடித்தல், நோயாளியின் கழிவைக் குளத்தில் சேராது புதைத்தல் ஆகிய இரண்டையேனும் ஊர்தோறும் கூறியிருத்தல் கூடும்.

கஞ்சியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பேதியில் மனிதனைக் கொல்வது உடல் நீரும் உப்பும் இழத்தலே. 1971-இல் வங்காள ஏதிலியர் முகாமில் திலீப் மகலனாபிசு உப்பும் சருக்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காத்தார். பின்னர் அரிசிக் கஞ்சியில் உப்பிட்டுக் கொடுப்பதும் அதே பயன் தருமென ஆய்வாளர் கண்டனர். ஆகவே 1877-இன் கஞ்சித் தொட்டிகளில் நோயைத் தீர்க்கும் பொருளும் இருந்தது; கூட்டத்தாலும் கெட்ட நீராலும் நோயைப் பரப்பும் வழியும் இருந்தது. ஊற்றியவரும் அறியார், உண்டவரும் அறியார்.

கிறீன் உடல்நலங் குன்றி 1873-இல் தாயகம் திரும்பினார். பஞ்சம் வந்தது அதன்பின் மூன்றாம் ஆண்டு. மாசசூசெட்சில் இருந்தவாறே அவர் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் 1883-இல் வெளிவந்தது. 1884-இன் தொடக்கத்தில் இராபர்ட்டு காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டறிந்தார். அவ்வாண்டு மே 28-இல் கிறீன் மறைந்தார்.