திருவருளும் தன்விருப்பும்: கிறித்தவ சமய வரலாற்றில் ஒரு வழக்கு

அற்றனை அடுத்த டிக்கோயாப் பகுதியில், தேயிலைச் சரிவொன்றின்மேல் வார்லி கிறிஸ்து ஆலயம் நிற்கின்றது. 1878ஆம் ஆண்டில் தோட்டத் துரைமாரின் வழிபாட்டுக்கென எழுந்த கற்கோயில் அது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலோ மாரியம்மன் கோயில் முன்றலில் ஆண்டுதோறும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடப்படும். இவ்விரு உலகிற்கும் நடுவே பிறந்து வளர்ந்த உபதேசியார் மகன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டான்: “சேர், இரட்சிக்கப்படுவோர் யார் என்று கடவுள் முன்னமே குறித்துவிட்டார் என்றால், நான் ஜெபிப்பதனால் ஆவதென்ன?” வரலாற்றுப் பாடவேளையில் எழுந்த கேள்வியாதலின், வரலாற்றின் வழியே விடை தேட முயன்றேன். அம்முயற்சியின் பயனே இக்கட்டுரை.

நம்மவர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியோ, தாயால் கவ்வப்படும் பூனைக் குட்டியோ ஆன்மாவுக்கு உவமையாவது என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டமை பலரும் அறிந்ததே. கிறித்தவ உலகிலோ இவ்வழக்கு ஐந்தாம் நூற்றாண்டிலேயே மூண்டது. மனிதன் தன் விருப்பாற்றலால் நன்மையைத் தெரிந்து நடத்தல் கூடும் என்றார் பெலாஜியுஸ். அவ்விருப்பாற்றலே நோயுற்றது, அருளே முந்தி வந்து அதனைத் திருப்புதல் வேண்டும் என்றார் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாஜியுஸின் கொள்கையைக் கண்டித்தது. ஆயினும் வழக்கு ஓயவில்லை. 1524இல் எராஸ்மஸ் மனிதனின் விருப்புரிமையை நிலைநாட்டி ஒரு நூல் செய்ய, அடுத்த ஆண்டே அதனை மறுத்து, விருப்பு அடிமைப்பட்டதென லூதர் நூல் எழுதினார்.

இவ்வழக்கின் உச்சம் ஒல்லாந்திலே நிகழ்ந்தது. ஆர்மீனியுஸ் 1609இல் மறைந்தபின், அவர் வழியினர் 1610இல் ஐந்து கூற்றுகளை வெளியிட்டனர். கிறிஸ்து எல்லார்க்காகவும் மரித்தார், அருளை மனிதன் மறுத்தலும் கூடும் என்பன அவற்றுட் சில. 1618 முதல் 1619 வரை டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபை மன்றம் அவற்றைத் தள்ளி, தெரிந்துகொள்ளல் முழுவதும் இறைவனுடையதே என விதித்தது. அவர்களை ஆதரித்த முதுபெரும் அரசறிஞர் ஓல்டன்பார்னவெல்ட் அதே 1619இல் தலை துணிக்கப்பட்டார். அக்கொலைக்கு அரசியற் பகையும் காரணமாயிற்று என்பதை மறத்தலாகாது.

அந்த ஒல்லாந்தரே 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். இறைவன் திருவுளம் ஒன்றே மனிதனைத் தெரிந்துகொள்ளும் என்று போதித்த சபை, இங்கு பாடசாலைத் தோம்பில் மக்களின் ஞானஸ்நானத்தைப் பதிந்து, அப்பதிவையே பதவிக்கும் சட்டவழித் திருமணத்திற்கும் வாயிலாக்கிற்று! திருவுளம் செய்யவேண்டிய தெரிவைக் கம்பெனியின் எழுதுவினைஞர் செய்தனர் என்றுதான் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் அகன்றதும் பெயரளவிற் கிறித்தவர் பலர் தம் பழைய கோயில்களுக்கே மீண்டதில் வியப்பில்லை.

அடுத்து, 1814இல் உவெஸ்லியின் மெதடிஸ்தரும், 1816இல் கல்வின் மரபினரான அமெரிக்க மிஷனரிமாரும் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். முன்குறித்தற் கொள்கையைக் கடிந்து உவெஸ்லி 1739இல் பிரசங்கித்தவர். அதன் பொருட்டே தம் நண்பர் உவைட்பீல்டோடு பிணங்கியவர். ஆக, ஒரே குடாநாட்டில் இரு கட்சியின் வழித்தோன்றல்களும் அருகருகே பள்ளி நடத்தினர்.

மலைநாட்டுக்கு வருவோம். 1854இல் ஆங்கிலத் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் சார்பில், தோட்டத் துரைமார் சிலரின் பொருளுதவியுடன், தொழிலாளர்க்கான தமிழ் மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுடைய திருச்சபையின் பதினேழாம் பிரமாணம் முன்குறித்தலை ஏற்பது. அவர்கள் லயங்களில் கூறியதோ ‘மனந்திரும்புங்கள்’ என்பது. ‘திரும்பு’ என்னும் ஏவல், திரும்பக்கூடியவனை நோக்கியே பிறக்கும்.

ஆனால் அதனைக் கேட்டவன் யார்? கடலைக் கடக்கும்போதே வழிச்செலவு என்னும் கடன் தலையில் ஏறியவன். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்றால் சிறை செல்லவேண்டியவன். தோட்டம் மாறவேண்டின் துண்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய துரை கடனைக் கட்டுவார். கடனோ கழியாது, பெரிய கங்காணியின் கணக்கில் மறுபடி ஏறும்.

மீட்பு என்னும் சொல்லின் பொருளை இம்மக்களைவிட நன்கறிந்தவர் யார்? கடனாளி தன்னைத் தானே மீட்க இயலாது என்ற அகுஸ்தீனின் வாதம் அவர்க்கு விளக்க வேண்டுவதன்று. மற்றொருவர் கடனை அடைத்து, மறுபடி தம் பேரேட்டில் எழுதாமல் விடுவது உண்டு என்பதே அவர் கேட்டறியாத செய்தி. அக்கடன் எல்லார்க்கும் அடைக்கப்பட்டது, வெளியே வருதல் உன் செயல் என்பர் ஆர்மீனியுஸ் வழியினர். எழுந்து வரும் காலையும் அவரே தருகிறார் என்பர் கல்வின் வழியினர்.

ஈண்டு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். இறைவனின் முழு உரிமையைப் பேசிய அகுஸ்தீனும் கல்வினும் தலையெழுத்தைப் பேசியவர் அல்லர். அவர்தம் கொள்கையில், தெரிந்துகொள்பவன் அன்புடைய ஒருவன். தலையெழுத்திலோ எழுதியவன் முகம் தெரிவதில்லை. ‘எல்லாம் விதி’ என்று தொழிலாளி பெருமூச்சு விட்டபோது அதனால் நன்மையடைந்தது கங்காணியின் கணக்குப் புத்தகமே. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1931இல் கோ. நடேசய்யர் அற்றனிலே தொழிற்சங்கம் நிறுவினார். எழுத்தென்று எண்ணியது மனிதர் எழுதிய சட்டமே என்பது தெளிவாயிற்று.

அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. மெதடிஸ்தரும் ஆங்கிலத் திருச்சபையாரும் கூடிய ஐக்கியம் அது. அதன் முதல் யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1964இல் கிறித்தவத்திலும் இந்து சமயத்திலும் உள்ள அருட்கோட்பாட்டை ஒப்புநோக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சைவர்க்கும் அது பயில வேண்டிய நூலே. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்தபோது சத்திநிபாதம் நிகழும் என்கிறது நம் சித்தாந்தம். பக்குவம் நோக்கி அருள் வருகிறதா, பக்குவத்தையும் அருளே ஆக்குகிறதா என்று நம்மிடம் ஒருவர் கேட்பின், டோர்ட்ரெக்ட் மன்றத்தின் முன் நின்ற கேள்வியே வேறு சொல்லில் நம்முன்னும் நிற்கும்.

மாணவனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் சிறிது நேரம் எண்ணிவிட்டு, அருச்சுனன் தபசில் வேடமிட்டவர் தபசு மரத்தில் ஏறுவதைக் குறிப்பிட்டான். “மரத்தில் ஏறுவது அவர் சேர், ஆனால் பாசுபதம் மேலே அல்லவா இருக்கிறது!” என்றான். இல்லை, ஏறும் வலிமையும் சிவன் தந்ததே என்றான் அவன் பக்கத்திலிருந்த சைவ மாணவன். மணி அடிக்கும்வரை அவ்விருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர்; யான் இடைமறிக்கவில்லை.