மாத்தளையில் மருந்துச் செலவு

நோயாளிக்கு ஆகும் செலவை ஏற்பவர் யார் என்ற வினா நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலக நாடுகளிற் பேசப்பட்டு வருகின்றது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883ஆம் ஆண்டிலே தொழிலாளர்க்கான நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கினார். முதலாளியும் தொழிலாளியும் கட்டிய பணம் ஒரு நிதியாகத் திரண்டு, நோய் வந்த காலத்தில் உதவியது. பிரித்தானியா 1911இல் அவ்வழியைப் பின்பற்றியது. 1948ஆம் ஆண்டு யூலை 5ஆந் தேதி தொடக்கம், பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டே எல்லோர்க்கும் இலவச வைத்தியம் என்ற முறையை மேற்கொண்டது. அமெரிக்காவோ தனியார் காப்புறுதியையே பெரிதும் நம்பி நின்றது. ஒருவனது உடல்நலத்துக்கு அவனும் அவனை வேலைக்கு வைத்தவனுமே பொறுப்பு என்பர் ஒரு சாரார். நோயுற்றவர் எவராயினும் அவர் நாட்டின் பொறுப்பு என்பர் மறு சாரார்.

இலங்கை இரண்டாம் வழியைத் தேர்ந்த நாடு எனப் பெயர் பெற்றது. அப்பெயர் பொய்யன்று. ஆயினும் அதே இலங்கையின் மலைநாட்டில், முதல் வழியைப் பெரிதும் ஒத்த ஒரு முறை நூறாண்டுக்கு மேல் நடைபெற்றது என்பதைப் பலர் நினைப்பதில்லை. காப்புறுதி என்று அதற்குப் பெயர் இல்லை, சந்தாவும் இல்லை. வேலை கொடுப்பவரே வேலையாளின் வைத்தியத்தைக் கவனிப்பது என்பதே அதன் சாரம். அம்முறை எவ்வாறு நடந்தது என்பதற்கு மாத்தளை மாவட்டம் நல்ல சான்று.

மாத்தளைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு சாலையில் தொடங்குகின்றது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். காடு, காய்ச்சல், நீரின்மை, வாந்திபேதி, பெரியம்மை ஆகிய யாவும் அவ்வழியிற் காத்திருந்தன. கங்காணி முன்னே செல்ல, விழுந்தவர் விழுந்த இடத்திலே விடப்பட்டனர். 1840களில் தோட்டங்களிலும் வழியிலும் இறந்தோர் 70,000 பேர் வரை இருக்கலாமெனக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் எழுதியது. அத்தொகை மிகையானது என வாதிட்டோரும் உளர். இறந்தவர்களை எண்ணி வைக்க அன்று எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. வாதம் தீராமைக்கு அதுவே காரணம். அப்பத்திரிகையை நடத்திய கிறிஸ்தோபர் எலியட் ஒரு வைத்தியர். 1858இல் குடிசார் வைத்தியத் திணைக்களம் தோன்றியபோது அதன் முதற் தலைவராக அமர்ந்தவரும் அவரே.

நடந்து வந்தவர் மாத்தளையை அடைந்ததும் எவருடைய பொறுப்பு? தோட்டத்துரைமார், ஆள் தோட்டத்துப் பெயர்ப்பதிவில் ஏறும்வரை தமக்குக் கடமை இல்லை என்றனர். அரசாங்கமோ, தோட்டத்தின் இலாபத்துக்காக வந்தவனைத் தோட்டமே பார்க்கட்டும் என்றது. இந்த இழுபறியின் விளைவே 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம். தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டுச் செலவு தோட்ட உரிமையாளர் தலையில் வைக்கப்பட்டது. அவர்கள் மனமுவந்து ஏற்றனர் அல்லர். சட்டம் 1880களின் தொடக்கத்தில் திருத்தப்பட்டு, ஏற்றுமதிப் பொருள்மீது ஒரு தீர்வை விதித்து அதனைக் கொண்டு மாவட்ட வைத்தியசாலைகளை நடத்தும் ஏற்பாடு வந்தது. அதே காலத்திலேதான் இலை நோயினாற் கோப்பி அழிந்து கொண்டிருந்தது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தபோது, அது ஏற்றிச் செல்ல வேண்டிய கோப்பி குறையத் தொடங்கியிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன.

இம்முறையிலிருந்த குறை ஒரு சிறு விதியில் வெளிப்பட்டது. தோட்டம் ஒரு நோயாளியை அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினால், அவர் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தோட்டம் பணம் கட்ட வேண்டும். கணக்கை அறிந்த துரை என்ன செய்வார்? நோய் தானாகத் தீருமா என்று பார்ப்பார். தீராதபோது, இறக்குந் தறுவாயில் அனுப்புவார். நோயாளிகள் மிகவும் பிந்திக் கொண்டுவரப்படுகின்றனர், வந்த சில நாளிலே இறக்கின்றனர் என்று வைத்திய அதிகாரிகள் திரும்பத் திரும்ப முறையிட்டனர். இன்னுங் கொடியது, உழைக்க இயலாதவரைப் பெயர்ப்பதிவிலிருந்து நீக்கி வெளியே அனுப்பியது. பெயர் நீங்கியதும் அவர் எத்தோட்டத்தின் செலவும் அல்லர், சாலையோரத்து அநாதை. துரைமார் எல்லோரும் கொடியவர் என்பது இதன் பொருளன்று. நோயாளியைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டியவரிடமே அவரை எப்போது வைத்தியரிடம் அனுப்புவது என்ற அதிகாரத்தையும் கொடுத்தால், நல்லவரும் ஒருநாட் பொறுத்துப் பார்ப்பார்.

1912இல் வந்த புதிய சட்டங்கள் இக்குறைகளிற் சிலவற்றைத் திருத்த முயன்றன. தோட்டத்தில் மருந்துச்சாலையும் வைத்தியசாலையும் நடத்துவோர்க்குச் சலுகைகள் கிடைத்தன. இதனால் நன்மையும் விளைந்தது. தோட்டத்து மருந்துக்காரரிடம் கொயினாவாவது கிடைத்தது. சூழவுள்ள சிங்களக் கிராமங்கள் பலவற்றில் அதுவும் இல்லை. தோட்ட முறையின் குறைகளை எடுத்துரைப்போர் இதனை மறைத்தல் முறையன்று.

மாத்தளையின் பெயர் உலக மருத்துவ வரலாற்றில் ஏறியது 1916ஆம் ஆண்டில். அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனத்தைச் சேர்ந்த அனைத்துலகச் சுகாதாரச் சபை, கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. மண்ணிற் கிடக்கும் புழுவின் இளம் பருவம் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்லும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நோயாளி வெளிறிப் போவார், மூச்சிரைப்பார், கூடையைத் தூக்க மாட்டார். இதைச் சோம்பல் என்று சொல்லிக் கங்காணி அரைப்பெயர் போட்டதும் உண்டு. பரிசோதனையில் மிகப் பெரும்பாலோரிடம் புழு காணப்பட்டது. கெனோபோடியம் எண்ணெயும் பேதி மருந்துங் கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். துரைமாரும் ஒத்துழைத்தனர், ஆள் பலம் பெற்றால் வேலை பெருகும் அல்லவா?

ஆனாற் குணமடைந்தவர் சில மாதங்களிலே மறுபடியும் நோயுற்றனர். காரணம் வெளிப்படை. லயத்துக்கு மலசலகூடம் இல்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே மண் அசுத்தமாகவே இருந்தது. கால் வெறுங்காலாகவே இருந்தது. மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்லும், மண்ணுக்குள் செல்லாது. மலசலகூடம் கட்டுங்கள் என்று வந்தவர் கேட்டனர். மருந்தை இலவசமாக ஏற்ற தோட்டங்கள் பல, கட்டடச் செலவு என்றதும் பின்வாங்கின. அடுத்த ஆண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விடக்கூடிய ஆளின் உடல்நலத்துக்காக இந்த ஆண்டு பணம் புதைப்பதில் அவர்களுக்கு ஆதாயம் தென்படவில்லை.

காப்புறுதி பற்றிய வாதத்தில் அடிக்கடி மறக்கப்படுவது இதுதான். காப்புறுதி நோயாளிக்குப் பணம் தரும். ஊரின் நீருக்கும் மண்ணுக்கும் கொசுவுக்கும் யார் பத்திரம் எழுதுவார்? மாத்தளையிற் பெற்ற அனுபவம் வீணாகவில்லை. தனித்தனித் தோட்டத்தை நம்பாது ஒரு வட்டாரம் முழுவதையும் சேர்த்துக் கவனிக்கும் முறை பிறந்தது. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட முதற் சுகாதாரப் பிரிவு அதன் வழிவந்ததே. மருத்துவிச்சி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி என்ற அமைப்பு நாடெங்கும் பரவியது அங்கிருந்துதான்.

இதற்கிடையில் அரசியல் மாறியது. 1931இல் டொனமூர் யாப்பு வயது வந்தோர் வாக்குரிமையைத் தந்தது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கிராமத்தவர் வைத்தியசாலை கேட்கலாயினர். அரசாங்க சபையிலும் அதுவே பேச்சாயிற்று. இலவச வைத்தியம் இலங்கைக்கு வந்தது பொருளியல் அறிஞரின் கணக்கினால் மட்டுமன்று, வாக்குச் சீட்டினாலுமாகும். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீங்கியது. 1952இல் சுகாதார சேவைகள் சட்டம் நிறைவேறியது.

அந்த ஆண்டுகளை வேறோர் ஆண்டுடன் சேர்த்து வாசித்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்திருந்தன. எல்லோர்க்கும் இலவசம் என்று நாடு சொன்ன வேளையில், இறத்தோட்டை, எல்கடுவை லயங்களில் இருந்தவர்களுக்காக வைத்தியசாலை கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. மாத்தளை நகர அரசாங்க வைத்தியசாலையின் வாயில் அவர்களுக்கு மூடப்பட்டதில்லை. ஆயினும் தோட்டத்து வைத்தியம் தோட்டத்தின் காரியமாகவே எஞ்சியது. கிராமத்துக்கு அரசாங்க மருத்துவிச்சி வந்தார். லயத்துக்குத் தோட்டம் நியமித்தவரே வந்தார், வந்தால். 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் இவ்வேற்றுமை வெளியாயிற்று. 1974இல் தோட்டங்களிற் குழந்தை மரண வீதம் நாட்டின் பொது வீதத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

கட்டணத்தின் விளைவையும் அதே பத்தாண்டு காட்டியது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினர். மருந்தை வீணாக வாங்குவோர் குறைவர் என்பது நோக்கம். வருகை குறைந்தது மெய். வீணாக வந்தவர் மட்டுந்தான் குறைந்தனர் என்று எவராலும் நிறுவ முடியவில்லை. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அக்கட்டணம் எடுபட்டது. அதே ஆட்சி அரசாங்க வைத்தியர் வேலை நேரத்துக்குப் பின் தனியாகத் தொழில் செய்யவும் இடங் கொடுத்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் எடுத்தது என்பாரும் உளர்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 1990களிலிருந்து தோட்டத்து வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அது மெதுவாகவே நடந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. குழந்தை மரணம் தோட்டங்களில் முன்னைய நிலையை விட்டு வெகுவாக இறங்கியுள்ளது.

இன்று இலங்கையில் மீண்டும் காப்புறுதி பேசப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து அருகியது. நாட்டின் சுகாதாரச் செலவிற் பாதிக்குக் கிட்டிய பகுதியைக் குடும்பங்களே தம் கையிலிருந்து கொடுத்து வருகின்றன. இலவசம் என்ற சொல் வைத்தியசாலைப் படுக்கையளவிலே நின்று, வெளியில் வாங்கும் மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் எட்டாமற் போவதுண்டு. ஆதலாற் காப்புறுதி கேட்போரை எள்ளுவதற்கில்லை. ஆயினும் சந்தா, மாதச் சம்பளம் உள்ளவரிடமிருந்தே எளிதில் வரும். நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவரின் பெயர் எந்தப் பதிவில் ஏறும், நோயுற்று வேலைக்குப் போகாத மாதத்தில் அப்பெயர் அங்கே நிற்குமா என்பன, மாத்தளைத் தோட்டங்களில் 1872ஆம் ஆண்டிலே கேட்கப்பட்ட கேள்விகள். மாத்தளை வைத்தியசாலையில் வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை. மலையிலிருந்து இறங்கி வர பஸ் காசும், இழந்த ஒரு நாட் கூலியும் இன்றும் நோயாளியின் செலவே.