தபால்காரர் தொடங்கிவைத்த பட்டப்படிப்பு

"டீச்சர், நான் கிரிமினாலஜி படிக்கலாமா?" என்று படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டால் உங்கள் வாயில் முதலில் என்ன பதில் வரும்? எனக்கு வந்தது, "ஏம்மா, போலீஸ்ல சேரப் போறியா?" என்பதுதான். அவளுடைய அம்மாவும் இதையேதான் கேட்டாராம். அப்பா ஒரு படி மேலே போய், "திருடனுங்களோட என்ன படிப்பு?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் தப்பாகத்தான் கேட்டிருக்கிறோம் என்று பிறகு புரிந்தது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் கலைச்சொல். 'குற்றவியல் நீதிமன்றம்', 'குற்றவியல் நடைமுறைச் சட்டம்' என்று சட்டத்துக்கும் அதே சொல், கிரிமினாலஜிக்கும் அதே சொல். போதாக்குறைக்குத் தொலைக்காட்சித் தொடர் பார்த்து வரும் பிள்ளைகள் இதைத் தடயவியலோடும் சேர்த்துவிடுகிறார்கள். இரத்தக் கறையை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது தடயவியல். எந்தப் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம் என்பது சட்டம். குற்றம் ஏன் நடக்கிறது, எதைக் குற்றம் என்கிறோம், அதை யார் முடிவு செய்கிறார்கள், தண்டனையால் என்ன ஆகிறது என்று கேட்பதுதான் கிரிமினாலஜி. ஆனால், இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்காக இது பல்கலைக்கழகத்துக்குள் வரவில்லை. அது எப்படி வந்தது என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லி நகரத்துக் கதையைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் வோல்மர் அங்கே தபால்காரராக இருந்தவர். ஆரம்பப்பள்ளியைத் தாண்டிப் பெரிதாகப் படித்தவரில்லை. 1904-இல், கட்டுப்பாடில்லாமல் ஓடிவந்த ரயில் பெட்டி ஒன்றில் தாவி ஏறி அதை நிறுத்தியதால் ஊரில் பெயர் வாங்கினார். அடுத்த ஆண்டே மக்கள் அவரை நகரக் காவல் அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்துப் போலீஸ்காரருக்குத் தடியும் உடல் பலமும் இருந்தால் போதும். கைதியை அடித்து வாக்குமூலம் வாங்குவது சர்வ சாதாரணம். வோல்மர் அதை வெறுத்தார். 1908-இல் தம் ஆட்களுக்கென்று ஒரு பள்ளி வைத்தார். 1916-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கோடைகால வகுப்புகளைத் தொடங்கினார். கல்லூரி மாணவர்களையே காவல் வேலைக்கு எடுத்தார். மற்ற ஊர்ப் போலீஸ்காரர்கள் அவர்களைக் 'காலேஜ் போலீஸ்' என்று கிண்டலடித்தார்களாம். 1921-இல் பொய்யறியும் கருவியை உருவாக்கிய ஜான் லார்சன், அவரிடம் வேலை பார்த்த முனைவர் பட்டம் பெற்ற போலீஸ்காரர்தான். கடைசியில் அந்தத் தபால்காரரே பெர்க்லியில் பேராசிரியர் ஆனார். சும்மா சொல்லக்கூடாது, நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். 1917-இல் வெளியான வோல்மரின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். சட்டம், முதலுதவி, கைரேகை என்ற வரிசையில் பரம்பரை, இனச் சீரழிவு, 'யூஜெனிக்ஸ்' எல்லாம் இருக்கின்றன. குற்றவாளி பிறப்பிலேயே அப்படிப் பிறக்கிறான் என்ற நம்பிக்கை அன்று அறிவியலாகவே ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் தம் நூலில் மண்டையோட்டையும் முகத்தையும் அளந்து அதைத்தான் சொன்னார். வோல்மர் பிறந்ததும் அதே ஆண்டு.

நம்மவர்களுக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. லொம்ப்ரோசோவுக்கு 5 ஆண்டுகள் முன்பே, 1871-இல், ஆங்கிலேய அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அதைத் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் விரித்தார்கள். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் ஆனது. ஆண்கள் ரேகை பதிக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். மதுரைப் பக்கத்து மக்கள் இதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 15-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். என் மாணவி இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

பெர்க்லிக்குத் திரும்புவோம். 1950-இல் அது தனிப் பள்ளியாக, அதாவது தனிப் புலமாக வளர்ந்தது. வோல்மரின் மாணவர் ஓ. டபிள்யூ. வில்சன் அதன் தலைவர். பட்டம் வாங்கியவர்கள் காவல்துறைக்கும் சிறைத்துறைக்கும் போனார்கள். 1960-களில் நிலைமை மாறியது. வியட்நாம் போர் எதிர்ப்பு, கறுப்பின மக்களின் உரிமைக் குரல் எல்லாம் வளாகத்து வாசலிலேயே ஒலித்தன. 1969-இல் 'மக்கள் பூங்கா' போராட்டத்தில் காவலர்கள் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார். போலீஸை உருவாக்கிய துறையிலேயே சிலர் போலீஸைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர்களில் பால் தகாகியை நான் மறக்க மாட்டேன். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். பிறப்பால் சந்தேகத்துக்குரியவர் ஆக்கப்பட்டவர் என்று சொன்னால் உங்களுக்கு நான் மேலே எழுதியது நினைவுக்கு வரும். பிறகு பரோல் அதிகாரியாக வேலை பார்த்து, பெர்க்லியில் பேராசிரியர் ஆனார். போலீஸ் கையால் சாகும் கறுப்பின ஆண்களின் விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு என்று எண்ணிக்கை போட்டுக் காட்டினார்.

நிர்வாகத்துக்கு இது ரசிக்கவில்லை. இதே அணியைச் சேர்ந்த டோனி பிளாட் என்பவருக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. கல்வித்தரம் போதவில்லை என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. அந்தப் பேராசிரியர்கள் அதை நம்பவில்லை, எனக்கும் நம்பத் தோன்றவில்லை. 1974-இல் மாணவர்கள் பெருந்திரளாகப் போராடியும் 1976-இல் பள்ளி இழுத்து மூடப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில்தான் அமெரிக்கா முழுவதும் இந்தப் பட்டம் பெருகியது. காவலர்கள் கல்லூரியில் படிக்க 1968-இலிருந்து மத்திய அரசே பணம் கொடுத்தது. பணம் வந்ததும் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு 'குற்ற நீதி' என்ற பெயரில் துறைகளைத் திறந்தன. ஆள் தயார் செய்யும் படிப்புக்குக் கதவு திறந்தது, கேள்வி கேட்ட படிப்புக்குப் பூட்டு விழுந்தது.

ஆகவே, உங்களிடம் ஒரு பிள்ளை இதே கேள்வியோடு வந்தால், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன் அதன் பாடப்பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புலனாய்வு, பாதுகாப்பு நிர்வாகம் என்று மட்டும் இருந்தால் அது ஒரு வகை. சமூகவியல், தண்டனையின் வரலாறு, பாதிக்கப்பட்டோரியல், புள்ளியியல் எல்லாம் இருந்தால் அது வேறு வகை. இரண்டுக்கும் சான்றிதழில் ஒரே பெயர் இருக்கலாம். கணக்குப் பிடிக்காது என்று இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகளிடம் புள்ளியியலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. தகாகி செய்ததே எண்ணிக்கை வேலைதான்.

என் மாணவி பட்டியலோடு வந்தாள். மூன்று பல்கலைக்கழகங்கள், மூன்று நிறத்தில் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "பள்ளிய மூடுனதுக்கு அப்புறம் அவங்கல்லாம் என்ன ஆனாங்க டீச்சர்?" என்று கேட்டாள். 1974-இல் அவர்கள் ஓர் ஆய்விதழ் தொடங்கியிருந்தார்கள். பள்ளி போன பிறகும் அது நிற்கவில்லை. 'சோஷியல் ஜஸ்டிஸ்' என்ற பெயரில் தொடர்ந்து வந்தது. சொன்னேன். அந்தப் பெயரையும் பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனாள்.