மதுரையில் வேதம் கேட்டவர்கள்

மதுரை நகரிலும், அதன் தெற்கே அவனியாபுரம், திருமங்கலம், விருதுநகர் எனக் கரிசலை நோக்கி விரியும் சமவெளியிலும் கிறிஸ்தவச் செய்தி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. செய்தி விளங்கியதா, பிடித்ததா என்பதைவிட, ஏற்றுக்கொண்டால் உறவும் சாதியும் என்ன ஆகும் என்ற கணக்கே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் ஏற்றவர்கள் இந்தச் சமவெளிக்கு வெளியே, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருந்த பரவர்கள். கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை வேண்டி, 1530களின் நடுவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். முடிவெடுத்தது தனி மனிதரல்ல, சாதித் தலைமை. போதனை பிறகுதான் வந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் மந்திரங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்ததெல்லாம் ஏற்கெனவே கிறிஸ்தவரானவர்களுக்குத்தான்.

வியாபாரத்துக்காக மதுரை வந்து போன பரவர்களைக் கவனிக்க, 1595இல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு நகரில் குடியேறினார். கோயில் ஒன்று எழுப்பினார், பள்ளி வைத்தார், மருந்து கொடுத்தார். நாயக்கர் ஆட்சி அவரைத் தொந்தரவு செய்யவில்லை. நகர மக்கள் அவரிடம் மருந்து வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். பதினோரு ஆண்டுகளில் ஒருவரும் மதம் மாறவில்லை. மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, சாதி பாராமல் பழகும் பரங்கியின் மார்க்கம் என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி இதைச் சரியாகவே கணித்தார். காவி உடுத்தி, தனி வீட்டில் இருந்து, நாளுக்கு ஒரு வேளை மரக்கறிச் சோறு உண்டார். அவரிடம் முதலில் வாதிட வந்தவர் பெர்னாண்டஸின் பள்ளியிலேயே வேலை பார்த்த சைவ ஆசிரியர். பரங்கிக் குருவின் பக்கத்திலேயே இருந்தும் அசையாத அந்த மனிதர், நொபிலியுடன் நாள்தோறும் பல மணி நேரமாக இருபது நாள் வாதாடினார். மறுபிறப்பு உண்டா என்பது அதில் முக்கியமான கேள்வி. முடிவில் ஞானஸ்நானம் பெற்றார். இருவரும் ஒரே சபைக் குருக்கள், சொன்னதும் ஒரே செய்தி. சொன்னவரின் சாப்பாடும் உடையும்தான் வேறு. நொபிலிக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்த தெலுங்குப் பிராமணர் சிவதர்மர் 1609இல் கிறிஸ்தவரானார், குடுமியும் பூணூலும் களையாமலே. இது பிராமணர்களுக்கு மட்டுமல்ல, பெர்னாண்டஸுக்கும் சினமூட்டியது. 1610இல் அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். குடுமி, பூணூல், சந்தனம் இவற்றை அனுமதித்துப் பாப்பரசர் 15ஆம் கிரகோரி ஆணையிட 1623 ஆயிற்று.

அத்தனை சர்ச்சைக்குப் பிறகும் உயர்சாதியாரில் சபையில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேரே. கூட்டம் சேர்ந்தது வேறு இடத்தில். பல்தசார் த கோஸ்தா முதலியோர் 1640 முதல் பண்டாரச் சாமிகளாக வேடம் மாற்றி, ஒடுக்கப்பட்ட சாதியாரிடமும் போனார்கள். திருச்சி, தஞ்சைப் பக்கங்களில் அதன் பிறகே சபைகள் பெருகின.

ஏற்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்பதும் நடந்தது. மறவர் நாட்டில் சேதுபதிப் பட்டத்துக்கே உரிமை கொண்டாடக்கூடிய தடியத் தேவன் நோயில் கிடந்து, கிறிஸ்தவ உபதேசியார் ஒருவரின் ஜெபத்தால் குணமானதாக நம்பினார். அருளானந்தர் எனப்பட்ட குரு ஜான் தெ பிரிட்டோ, ஒரு மனைவியோடு நின்றால்தான் ஞானஸ்நானம் என்றார். தடியத் தேவன் இணங்கி, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். தள்ளிவைக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி அந்நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையிட்டாள். பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. தள்ளப்பட்ட பெண்ணுக்கு அந்தச் செய்தி வாழ்வு பறிபோனதாகத்தான் காதில் விழுந்திருக்கும். திருச்சபை வரலாறுகள் அவளை வில்லியாக்கியதோடு விட்டுவிட்டன. பிரிட்டோவைப் புனிதராக வணங்கி, ஓரியூரின் செம்மண்ணை இன்றும் அள்ளிச் செல்பவர்களில் இந்துக்களும் உண்டு. மதம் மாறாமலே புனிதரை ஏற்கும் இந்த வழியைப் பாதிரிமார் எவரும் திட்டமிடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் வந்த அமெரிக்க மிஷன், திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை 1845இல் அவனியாபுரத்துக்கு மேற்கே உள்ள பசுமலைக்கு மாற்றியது. இங்கே சோதனை பந்தியில் வந்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மிஷனரிகள் 1847இல் வற்புறுத்தினார்கள். விசுவாசத்தில் குறை சொல்ல முடியாத உபதேசியார் பலர் இலையில் உட்கார மறுத்து வேலையை இழந்தார்கள். நொபிலி விட்டுக்கொடுத்த இடத்தில் அமெரிக்கர் பிடிவாதமாக நின்றார்கள். இரண்டுக்கும் நட்டம் இருந்தது. அதே மிஷனின் எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் சேர்த்து 1853இல் பாடல் தொகுப்பு வெளியிட்டார். சாஸ்திரியாரோ சபைக்குள் சாதி வழக்கத்தைக் காக்க வாதாடியவர்.

அமெரிக்க மிஷன் கிளம்பி வந்த யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதமான பதில் கிடைத்தது. அங்கே ஆறுமுக நாவலர், மிஷனரி பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். வேதத்தை அவரளவு நெருக்கமாகப் படித்த இந்து அன்று அரிது. 1847 டிசம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார்; அடுத்து பள்ளிக்கூடம், அச்சகம். பாதிரிமாரின் செய்தியை மறுத்து, முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒரே சாதிக்குள்ளும் பதில் வேறுபட்டது. தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காட்டில் பனையேறிய நாடார்கள் திரளாகப் புரொட்டஸ்டண்ட் சபையில் சேர்ந்தார்கள். மிஷனரி கால்டுவெல் 1841இல் குடியேறிய இடையன்குடி அப்படிப்பட்ட ஊர். பண்ணையாரை எதிர்கொள்ளவும் வழக்காடவும் பஞ்சத்தைத் தாண்டவும் அங்கே சபையே துணை. வடக்கே விருதுநகர், சிவகாசி வியாபாரி நாடார்களுக்கு அந்தத் துணை தேவைப்படவில்லை. உறவின்முறை என்ற சாதிச் சங்கமும், வியாபாரத்தில் பிடித்த மகமைப் பணமும் பேட்டையையும் பள்ளியையும் நடத்தின. அவர்கள் சத்திரியர் என்று உரிமை கோரி, இந்துக்களாகவே கோயில் வாசலில் நின்றார்கள். கழுகுமலையில் ரத வீதி ஊர்வலம் மறுக்கப்பட்டபோது மட்டும் பலர் கத்தோலிக்கரானார்கள். 1895இல் தேரோட்டத்தின்போது கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கமுதி நாடார்கள் 1897இல் கோயிலுக்குள் நுழைந்து, வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரை நடத்தி, 1908இல் தோற்றார்கள். தோற்ற பிறகும் பெரும்பாலோர் இந்துக்களாகவே இருந்து, மகமையில் கட்டிய தங்கள் கோயில்களில் கும்பிட்டார்கள்.