மருத்துவர் உதவியாளர் பயிற்சி ஆவணங்கள்

மருத்துவர் உதவியாளர் பயிற்சி ஆவணங்கள் என்பவை, மருத்துவர் உதவியாளர் (பிசிசியன் அசிஸ்டென்ட்) பட்டப்படிப்பை நடத்தும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பேணும் நிர்வாகப் பதிவுகள் ஆகும். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, செய்முறைக் குறிப்பேடு, மதிப்பெண் பட்டியல், உள்ளுறைப் பயிற்சிச் சான்றிதழ் முதலியன இவற்றுள் அடங்கும். இந்தியாவில் இத்தொழிலுக்கு நெடுங்காலம் சட்டப்படியான பதிவுமுறை இல்லாதிருந்தமையால், ஒருவர் எதில் பயிற்சி பெற்றார் என்பதற்கு இவையே முதன்மைச் சான்றாக இருந்தன.

வரலாறு

இப்பயிற்சி ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965 இல் மருத்துவர் யூஜின் ஸ்டெட் என்பவரால் தொடங்கப்பட்டது. முதல் அணியில் சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாற்றியவர்கள். அவர்களுள் மூவர் 1967 இல் படிப்பை நிறைவு செய்தனர். இந்தியாவில் 1992 இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் (இறப்பு: 2025) இதனைத் தொடங்கினார். இதயக் குழாய் மாற்றுவழி அறுவையில் காலிலிருந்து சிரையைப் பிரித்தெடுத்தல் போன்ற பணிகளுக்குப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டனர்.

ஆவணங்களின் தன்மை

இவற்றுள் செய்முறைக் குறிப்பேடே பொருள் செறிந்தது. மாணவர் பதிவு செய்த நோயாளர் வரலாறுகள், செய்த உடற்பரிசோதனைகள், உதவிய அறுவைகள் ஆகியன மேற்பார்வை மருத்துவரின் கையொப்பத்துடன் இதில் இடம்பெறும். மதிப்பெண் பட்டியல் தேர்ச்சியை மட்டுமே காட்டும். கை பழகியதைக் காட்டுவது குறிப்பேடே. ஆயினும் அது பெரும்பாலும் மாணவரிடமே தங்கிவிடுவதால் எளிதில் தொலைந்துபோகக் கூடியதும் அதுவே.

தமிழ்நாடு டாக்டர் எம். ஜி. ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்ட இளநிலைப் பட்டமாகும். இணைவுப் பல்கலைக்கழகம் ஆதலால் ஆவணங்கள் இரண்டிடத்தில் உருவாகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம் அல்லது திருவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஒருவர், தம் ஊருக்குத் தொலைவிலுள்ள இணைவுக் கல்லூரியொன்றில் பயின்றால், அவருடைய வருகைப் பதிவும் பயிற்சிப் பதிவும் அக்கல்லூரியில் இருக்கும். தேர்வுப் பதிவும் பட்டச் சான்றும் சென்னை கிண்டியிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஓரிடத்திலேயே இருக்கும்.

சட்டநிலை

தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், 2021 இத்தொழிலைத் தன் அட்டவணையில் சேர்த்தது. மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கும் வழிசெய்தது. இணைத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 2000 மணி நேரமும், நலவாழ்வுத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 3600 மணி நேரமும் கல்வி வேண்டும் என அச்சட்டம் வரையறுக்கிறது. பழைய வருகைப் பதிவேடுகள் இதனாலேயே புதிய மதிப்புப் பெறுகின்றன.

பெயர் வேறுபாடு மற்றொரு சிக்கலாகும். பட்டச் சான்றுகள் பலவற்றில் 'அசிஸ்டென்ட்' எனவும், 2021 சட்டத்தின் அட்டவணைத் தலைப்பில் 'அசோசியேட்' எனவும் உள்ளது. அமெரிக்க மருத்துவர் உதவியாளர் கழகமும் 2021 இல் பின்னைய பெயரையே ஏற்றது. பெயர் மாறினும் பயிற்சி ஒன்றே எனக் காட்ட வேண்டிய இடங்களில் பாடத்திட்ட நகலையும் பட்டச் சான்றுடன் இணைப்பது பயன்தரும்.