நல்லூர் இடிபாடும் யாழ்நகர் எழுச்சியும்

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலிலே கட்டியம் கூறப்படும்போது புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் நம் செவியில் விழுகின்றது. அரசு போயிற்று; அரண்மனை போயிற்று; வீதிகளும் போயின. பெயர் மாத்திரம் நின்றது. அதனைக் கேட்குந்தோறும், அழிந்த நகரத்தார் எங்கே போயினர், அதன்பின் எழுந்த நகரில் யார் யார் குடியேறினர் என்னும் வினா என் மனத்தில் எழுவதுண்டு. அதற்கு விடை தேடுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

நல்லூர் ஆரியச் சக்கரவர்த்திகளின் இராசதானி. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். கடைசி மன்னனாகிய சங்கிலி குமாரன் சிறைப்பட்டுக் கோவாவிலே மரண தண்டனை பெற்றான். 1621ஆம் ஆண்டில் நல்லூர்ப் பெருங்கோவில் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் கற்கள் கடலோரக் கோட்டை வேலைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. ஆட்சிப் பீடமும் நல்லூரை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. யமுனா ஏரி போன்ற சிலவே இன்று பழைய இராசதானியை நினைவூட்டுகின்றன.

பட்டினமோ கோட்டையைச் சார்ந்து வளர்ந்தது. 1658ஆம் ஆண்டிலே கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவிலே திருத்திக் கட்டினர். கோட்டைக்குக் கிழக்கே பறங்கித் தெரு; முஸ்லிம் வணிகர் வாழ்ந்தது சோனகத் தெரு; கடலோரத்திலே மீன்பிடித் தொழிலாளரின் கரையூர்; வண்ணார்பண்ணையிலே செட்டிமாரும் அவர்கள் எழுப்பிய வைத்தீசுவரன் கோவிலும். தெருப் பெயர்களே அந்நகரின் வரலாற்றைச் சொல்லும். இதனை எல்லோரும் கலந்து வாழ்ந்த நகர் என்று நான் புகழமாட்டேன். சாதியும் சமயமும் தத்தம் எல்லையை வகுத்திருந்தன. ஆயினும் சந்தையிலே ஒருவர் கைப்பொருள் மற்றவர் கைக்குப் போயிற்று; ஒருவர் இல்லாமல் மற்றவர்க்கு நாள் கழியவில்லை.

கல்வியும் அவ்வாறே. 1823ஆம் ஆண்டில் நல்லூரிலே மிஷனரிமார் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பின்னர் சுண்டிக்குளிக்குச் சென்று பெரிய கல்லூரியாயிற்று. 1848ஆம் ஆண்டில் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவப் பிள்ளையாகிய நான் மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்தவன். ஆதலால் இந்நகரின் எந்தப் பகுதியையும் பிறருடையது என்று தள்ள என்னால் இயலவில்லை.

கந்தசுவாமி கோவில் 1734ஆம் ஆண்டிலே குருக்கள் வளவிலே மீண்டும் எழுந்தது. அது நம் முன்னோரின் பெருமை. ஆனால் வரலாறு பெருமையை மட்டும் சொல்வதன்று. நல்லூர்க் கோவிலின் அயலிலே குடியிருந்த முஸ்லிம்கள் அவ்விடத்தை விட்டு அகற்றப்பட்டு நாவாந்துறைப் பக்கம் சென்றனர் என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. ஆக, இழந்த ஊரை மீட்ட நாமே பிறரை ஊர் இழக்கச் செய்தோம் என்று நம்மவர் நூலே சொல்கின்றது. பெரியோர் இதனை மேடைகளில் எடுத்துரைக்க நான் கேட்டதில்லை.

அக்கதை பழங்கதையாய் முடிந்திருந்தால் இங்கு எழுத வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள், யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவருட் பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களிலே தஞ்சம் புகுந்தனர். சோனகத் தெரு வீடுகள் ஓடும் கதவும் இழந்து, மரம் முளைத்து நின்றன. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டு வந்தனர். பள்ளிவாசலிலே மறுபடி பாங்கொலி கேட்டது. ஆனால் புத்தளத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொன்ன கதையாகவே இருந்தது. ஒருவருக்கு இருந்த ஒரு வீட்டுக்கு இப்போது நான்கு பிள்ளைகள் உரித்தாளர். வீடு கட்ட உதவி வேண்டும்; நிலம் வேண்டும்; தொழில் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக அயலவரின் நல்வரவு வேண்டும்.

இந்நல்வரவு அரசாங்கம் கொடுக்கக் கூடியதன்று; நாம் கொடுக்கக் கூடியது. அவர்கள் வெளியேறியபோது நாம் பிறக்கவில்லை. ஆதலால் பழி நமதன்று என்று சில நண்பர்கள் சொல்வர். நல்லூரை இடித்தபோதும் நாம் பிறக்கவில்லை. அதற்காக இன்றும் மனம் வருந்துகின்றோமே! துயரிலே பங்குள்ள நமக்குக் கடமையிலே பங்கில்லையா?

வாலிப நண்பர்காள்! நல்லூர் இடிந்ததை நினைந்து வருந்தும் மனம், சோனகத் தெரு வெறுமையானதை நினைந்தும் வருந்தட்டும். கல்லைக் கொண்டு சுவரைக் கட்டலாம். ஊரைக் கட்டுவது அயலவன் வாசலிலே போய் நின்று, "வந்தீர்களா, சுகமா?" என்று கேட்பதிலேதான் தொடங்குகின்றது. திருவிழா முடிந்து வீடு திரும்பும் வழியிலே ஒரு முறை அத்தெருவினூடே நடந்து பாருங்கள்.