பேக்கப்பின் பேரேடு

கணினி உலகில் பேக்கப்பின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் கொள்ளளவின் கதையைத்தான் சொல்கிறார்கள். 1952இல் ஐபிஎம் 726 காந்த டேப், 1987இல் எக்ஸாபைட் நிறுவனத்தின் 8 மி.மீ. கேசட், அப்புறம் வன்தட்டு, அப்புறம் கிளவுட் என்று ஏறுமுகமாகவே போகும் கதை அது. ஆனால் இந்தத் தொழிலில் பேர்போன சறுக்கல்களை எடுத்துப் பார்த்தால், இடம் போதாமல் வந்தவை அல்ல அவை. நகல் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தவர்கள், அது இல்லை என்பதைத் தேவைப்பட்ட அன்றுதான் கண்டுகொண்டார்கள். நகலைவிட நகலைப் பற்றிய கணக்கின் வரலாறுதான் கவனிக்கத்தக்கது என்பது என் கட்சி.

1960களின் கணினி அறையில் பேக்கப் என்பது தனி வேலையாகவே இருக்கவில்லை. நேற்றைய முதன்மைக் கோப்பு ஒரு டேப்பில் இருக்கும். இன்றைய வரவுசெலவு இன்னொரு டேப்பில். இரண்டையும் படித்து, புதிய முதன்மைக் கோப்பை மூன்றாவது டேப்பில் இயந்திரம் எழுதும். புதியது மகன், நேற்றையது தந்தை, அதற்கு முந்தையது பாட்டன் என்று ஆங்கிலத்தில் உறவுமுறை வைத்தே பெயரிட்டார்கள். ரீலின் பின்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்தால்தான் அதில் எழுத முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். எது எந்த நாளுடையது என்பதை ஒட்டிய லேபிள் சொல்லும். இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. இன்றைய மகன் நாளைக்கு உள்ளீடாகப் படிக்கப்பட்டாக வேண்டும். டேப் கெட்டுப்போயிருந்தால் மறுநாளே தெரிந்துவிடும். அப்போது தந்தை அலமாரியில் இருக்கும். நகல் சரியா என்ற சோதனை யாரும் திட்டமிடாமலே அன்றாடம் நடந்துகொண்டிருந்தது.

வேலை வட்டுக்கு மாறியபோது இந்தச் சூட்சுமம் அறுந்தது. டேப் இப்போது யாரும் படிக்காத நகலாகிவிட்டது. யாரும் படிக்காத பொருளுக்குத்தான் பேரேடு வேண்டும். யூனிக்ஸின் டம்ப் கட்டளை அந்தத் தேவையை ஒப்புக்கொண்ட கருவி. 0 முதல் 9 வரை அதற்கு நிலைகள் உண்டு: 0 என்றால் முழு நகல், மற்றவை, தன்னைவிடக் குறைந்த நிலையில் கடைசியாக எடுத்த நகலுக்குப் பின் மாறியவை மட்டும். கடைசி நகல் என்றைக்கு எடுத்தது? பெர்க்லி யூனிக்ஸில் அதற்கு ‘டம்ப்டேட்ஸ்’ என்று ஒரு சின்ன உரைக்கோப்பு இருந்தது: வரிக்கு ஒரு கோப்பு முறைமை, ஒரு நிலை எண், ஒரு தேதி. ‘யூ’ என்ற எழுத்தைச் சேர்த்து இயக்கினால், வேலை வெற்றியாக முடிந்த பிறகே தேதி ஏறும். சேர்க்க மறந்தால், எடுத்த நகலும் கணக்கில் எடுக்காத நகலே. ஓடும்போது எத்தனை சதவீதம் முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் என்று திரையில் சொல்லும். டேப் தீர்ந்தால் அடுத்ததை மாட்டச் சொல்லும். ‘டபிள்யூ’ சேர்த்தால் எவற்றுக்கெல்லாம் இன்று பேக்கப் பாக்கி என்று பட்டியலிடும். என் பார்வையில் இந்தக் கடைசி வசதிதான் உயர்ந்தது. நடந்ததைச் சொல்வது எளிது; நடக்காமல் போனதைச் சொல்லத்தான் கணக்கு வேண்டும்.

ஒரு பெரிய கணினிக்குப் பதில் பத்துப் பதினைந்து பணிநிலையங்கள் வந்ததும், ஒவ்வொன்றின் பேரேட்டையும் தனித்தனியே புரட்ட ஆளில்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான அமாண்டா என்ற பேக்கப் மென்பொருள், இரவில் வலையமைப்பு முழுவதையும் சுற்றி நகலெடுத்து ஒரே டேப்பில் எழுதியது. மாலையில் சரியான டேப் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை, ஓட்டத்தின் நடுவே எந்த இயந்திரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்ட இன்னொன்று, விடிந்ததும் ஆபரேட்டருக்கு மின்னஞ்சலில் ஒரு ரிப்போர்ட். பேரேடு இப்போது தானே வந்து கதவைத் தட்டியது.

தட்டாத நாளில் என்ன பொருள்? 1998இல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. அங்கே பணியாற்றிய ஓரன் ஜேகப் பின்னாளில் சொன்னபடி, நகல் அளவு வரம்பை முட்டி நின்றது. அதை எச்சரிக்க வேண்டிய பிழைப்பதிவும் அதே நிறைந்த இடத்தில் இருந்ததால் காலியாகக் கிடந்தது. படத்தைக் காப்பாற்றியது ஒரு ஊழியர் வீட்டில் வைத்திருந்த பிரதி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி தரவை அழித்தார். அன்றாட பேக்கப் நிரல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பைக் கொண்டு ஓடி, ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் நிராகரித்திருந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு பிரதிதான் மிஞ்சியது.

இரண்டு இடத்திலும் குற்றம் விரலுடையதுதானே என்று கேட்கலாம். விரல் தவறும் என்பதற்காகத்தானே பேக்கப்? கிளவுட்டில் எல்லாம் மூன்று நான்கு பிரதிகளாக இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளில் புகுந்த ஒரு பிழை பல மையங்களில் இருந்த பிரதிகளையும் சேர்த்தே அழித்தது; பயனர்களில் 0.02 சதவீதத்தினரின் கடிதங்களை கூகுள் டேப்பிலிருந்துதான் மீட்டது. மூன்றாவது ஆட்சேபம் வலுவானது: தினம் ‘சரி’ என்று வரும் ரிப்போர்ட்டை மூன்றாம் வாரம் யாரும் படிக்க மாட்டார்கள். உண்மை. அதனால்தான் வெறும் ரிப்போர்ட் போதாது; பழைய டேப் அறையில் நடந்தது போல, நகலை மறுநாளே படித்துப் பார்க்கும் வேலை ஒன்று இருந்தாக வேண்டும். கிட்லேப் பிறகு வெளியிட்ட அறிக்கையின் பணிப்பட்டியலில் நகலைத் தானாக மீட்டுப் பார்க்கும் சோதனையும், அதற்கெல்லாம் பொறுப்பாக ஒருவரை நியமிப்பதும் இடம்பெற்றன. அதுவரை அந்தச் சோதனை அங்கே யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.